புது வீட்டுக்காரர்கள்

பிரம்மா எழுதுவது தலையெழுத்து. பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் எழுதுவது தலைப்பெழுத்து. முன்னதை அழிக்க முடியாது என்பார்கள். பின்னதை அழிக்கலாம், ஆனால் அதற்குக் கெஜட் வரையில் போக வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வருஷந்தோறும் நாம் தயார் செய்கிறோம். "நாமினல் ரோல்" என்று அதற்குப் பெயர். அதில் எந்தப் பெயர் எந்த எழுத்துக்களோடு ஏறுகிறதோ, அதுவே சான்றிதழில் ஏறும். சான்றிதழில் ஏறியதுதான் பிறகு கல்லூரியிலும் உத்தியோகத்திலும் பாஸ்போர்ட்டிலும், கடைசியில் பென்ஷன் புத்தகத்திலும் ஒருவனைப் பின்தொடரும். ஆகையால் அந்த ஒரு வாரமும் நாம் சற்றுப் பயபக்தியுடனேயே பேனாவைக் கையில் எடுப்பது வழக்கம்.

இந்த வருஷம் பட்டியலைத் தொடங்கிய அன்றைக்கே ஒரு பையன் வந்து மேஜை அருகில் நின்றான். அவன் பெயர் "சவரி" என்று தொடங்கி "முத்து" என்று முடிவது. நம்முடைய அபிராமபுரத்துக்கும் மந்தைவெளிக்கும் இடையே ஒரு சந்தில் குடியிருக்கிறான். பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பம்.

"ஸார், பட்டியலில் என் பெயரை மாற்றி எழுத முடியுமா?" என்று கேட்டான்.

காரணம் கேட்டோம். வெளிநாட்டில் வேலை செய்யும் மாமா ஒருவர் சொன்னாராம்: அங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதை வெறுமையாக விட்டால் வம்பு, தகப்பனார் பெயரை அதில் போட்டால் எல்லோரும் தகப்பனார் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், ஆகையால் இப்பொழுதே நாகரிகமாக இரண்டு சொற்களில் ஒரு பெயரை அமைத்துக்கொள்வது நல்லது என்று.

இது அவன் வாயால் சொன்ன காரணம். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அது நமக்குத் தெரியும். வகுப்பில் அவனை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "சவுரி" என்பார்கள். பெண்மணிகள் பின்னலோடு வைத்து முடிந்துகொள்ளும் பொய்ம்முடிக்கு அந்தப் பெயர் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

இந்தப் பட்டத்தை அவனுக்குச் சூட்டியவர் யார்? நாம்தான். நாலு வருஷத்துக்கு முன்பு, அவன் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த முதல் நாள், ஆஜர்ப் பட்டியல் வாசிக்கும்போது, "சவரியா, சவுரியா?" என்று ஒரு ஹாஸ்யம் செய்தோம். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். நமக்கு அந்தச் சிரிப்பு அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவனுக்கு நாலு வருஷமாக முடியவில்லை.

அதோடு நிற்கவில்லை. செய்த பிசகை உடனே சரிக்கட்டுவதாக எண்ணிக்கொண்டு, சவரி என்பவள் இராமபிரானை வரவேற்ற மூதாட்டி என்றும், கம்பநாட்டாழ்வார் அவளுக்கென்றே ஒரு படலம் அமைத்திருக்கிறார் என்றும் ஒரு சிறு பிரசங்கம் செய்தோம். பையன் எழுந்து நின்று, "இல்லை ஸார், அது சவேரியார் பேர்" என்றான். "எல்லாம் ஒன்றுதான், உட்கார்" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டோம்.

எல்லாம் ஒன்றல்ல. தமிழ் தெரிந்தவர் என்று நம்மைப் பற்றி நாமே வைத்திருந்த அபிப்பிராயம்தான் அன்றைக்கு அவனை உட்கார வைத்தது. "வெள்ளிக்கிழமை வரையில் பொறுத்துக்கொள். அதற்குப் பிறகும் மாற்ற வேண்டும் என்று சொன்னால் உன் பெற்றோரை அழைத்து வா, செய்ய வேண்டியதைச் செய்வோம்" என்று இப்போது அவனை அனுப்பிவிட்டு, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடப் புறப்பட்டோம். தேடியதில் கிடைத்தவற்றை நேயர்களுடன் பகிர்ந்துகொள்ளுகிறோம்.

ஸ்பெயின் தேசத்துக்கும் பிரான்ஸ் தேசத்துக்கும் நடுவே பிரனீஸ் என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதன் மேற்குக் கோடியில் இரண்டு புறத்திலும் வாழுகிறவர்கள் பாஸ்க் ஜனங்கள். அவர்களுடைய பாஷை ஐரோப்பாவில் ஓர் அதிசயம். சுற்றிலும் லத்தீனிலிருந்து பிறந்த மொழிகள் சூழ்ந்திருக்க, எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாமல் அது தனித்து நிற்கிறது. திராவிட மொழிகளுக்கு அது ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. அந்தச் சம்பந்தம் நிலைக்கவில்லை.

அந்த மொழியில் "எட்செ" என்றால் வீடு. "பெர்ரி" என்றால் புதியது. நாம் "புது வீடு" என்போம்; அவர்கள் "வீடு புதியது" என்ற வரிசையில் "எட்செபெர்ரி" என்பார்கள். பாஸ்க் நாட்டில் மனிதனுக்குப் பெயர் வீட்டிலிருந்து வந்தது. ஆற்றங்கரை வீட்டில் இருப்பவன் ஆற்றங்கரையான். மேட்டு வீட்டில் இருப்பவன் மேட்டு வீட்டான். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவனுக்கும் வீட்டின் பெயரே ஒட்டிக்கொள்ளுவது உண்டு. மனிதர்கள் வருவார்கள், போவார்கள், வீடு நிற்கும், பெயரும் நிற்கும்.

இது நமக்குப் புதிதன்று. நாஞ்சில் நாட்டிலும் மலையாளத்திலும் வீட்டுப் பெயர் சொல்லித்தான் ஆளை அடையாளம் காட்டுவார்கள். "புத்தன் வீடு" என்ற வீட்டுப் பெயர் அந்தப் பக்கத்தில் சகஜம். ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-ம் வருஷம் வெளியிட்ட அருமையான நாவலின் பெயரே "புத்தம் வீடு" என்பது. பனையேறிகள் வாழும் அந்தக் கதையின் தலைப்பைப் பாஸ்க் மொழியில் பெயர்க்க வேண்டுமானால் நம் மாணவனின் பெயரில் பாதியை எழுதினால் போதும். எட்செபெர்ரி என்பதுதான் பக்கத்து மொழிக்காரர்களின் நாவில் தேய்ந்து "ஷவியேர்" ஆயிற்று. ஷவியேர்தான் தமிழில் சவேரியார் ஆயிற்று. சவேரியார்தான் சவரிமுத்து ஆயிற்று.

இடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நவார்ரே என்ற சின்னஞ்சிறு ராஜ்யத்தில் ஷவியேர் என்று ஒரு கோட்டை வீடு இருந்தது. அங்கே 1506-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி பிரான்சிஸ்கோ என்ற குழந்தை பிறந்தது. தகப்பனார் ஹுவான் தெ ஹாஸ்ஸோ. ராஜ சபையின் தலைவர். தாயார் மரியா தெ அஸ்பில்குவேட்டா. கோட்டை தாய் வழிச் சொத்து. ஆகவே உலகமெல்லாம் பரவிய அந்தப் பெயர் தாய் கொடுத்த சீதனம் என்று சொல்லுவது பொருந்தும்.

1512-ல் பக்கத்து வல்லரசாகிய காஸ்டீல் நவார்ரேயைக் கைப்பற்றியது. 1515-ல் தகப்பனார் காலமானார். மறு வருஷம் காஸ்டீல் அதிகாரிகளின் உத்தரவின்பேரில் கோட்டையின் கொத்தளங்கள் இடிக்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது. பத்து வயதுப் பையன் தன் வீடு இடிபடுவதைக் காணும் நிலைமை வந்தது. பெயர் "புது வீடு". எதிரே கிடந்ததோ இடிந்த சுவர்.

அவனுடைய அண்ணன்மார் நாட்டை மீட்கப் போரிட்டார்கள். 1521-ல் பாம்ப்லோனா நகரத்துக் கோட்டையில் காஸ்டீல் தரப்பில் நின்று போரிட்ட வீரன் ஒருவனுக்குப் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தது. அவனும் பாஸ்க் இனத்தவன். அவனும் தன் வீட்டின் பெயரால் அழைக்கப்பட்டவன். அந்த வீட்டின் பெயர் லொயோலா. 1925-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த கல்லூரியின் வாயிலில் நம் சென்னைவாசிகள் தினந்தோறும் படித்துக்கொண்டு போகும் பெயர் அதுவே. எதிரெதிர்ப் பக்கத்தைச் சேர்ந்த இந்த இருவரும், லொயோலாவின் இஞ்ஞாசியாரும் சவேரியாரும், பின்னால் பாரிஸ் நகரத்துக் கலாசாலையில் ஒரே அறையில் வசிக்க நேர்ந்தது. 1534-ல் இன்னும் ஐந்து நண்பர்களுடன் சேர்ந்து விரதம் பூண்டார்கள். சேசு சபை அப்படித் தோன்றியது.

1541-ல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறிய சவேரியார், 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். அந்த வருஷத்துக் கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் என்று கடற்கரை ஊர்களில் நடந்தே திரிந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்களை உட்கார்த்தி வைத்து, பிரார்த்தனைகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை நெட்டுருப் போட்டார். கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டுவார். வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டும் சிரமம் அறிந்த நமக்கு இந்தக் காட்சியில் ஒரு தொழில்முறை அநுதாபம் உண்டாகிறது.

1544-ல் வடுகக் குதிரைப்படை கரையோர ஊர்களைச் சூறையாடியபோது, மீனவ ஜனங்கள் குமரி முனைப் பக்கத்துப் பாறைகளில் போய் ஒளிந்துகொண்டார்கள். சோறும் தண்ணீரும் இல்லை. சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பரதவர்களைப் போர்த்துகீசிய உத்தியோகஸ்தர்களே கொள்ளையடித்து வதைப்பதைக் கண்டித்து அவர் எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அரசருக்கே போயிற்று.

அவருடைய கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. 1546-ல் அம்போயினாத் தீவிலிருந்து போர்த்துகல் அரசருக்கு எழுதிய கடிதத்தில், கோவாவில் மத விசாரணை மன்றம் ஏற்படுத்த வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவர் இறந்த பின் 1560-ல் அந்த மன்றம் ஏற்பட்டது; 1812 வரையில் நீடித்தது; அதனால் பலர் பட்ட துன்பம் சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. ஒரு மனிதரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இருபது தோணிகளையும் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தையும் சொல்ல வேண்டும்.

நம் வீட்டு வாசலிலிருந்து கிழக்கே நடந்து மந்தைவெளியைக் கடந்தால் சாந்தோம் கடற்கரை. 1545-ம் வருஷத்தில் சவேரியார் சில மாத காலம் அங்கே தங்கியிருந்தார். அடுத்தபடி எங்கே போவது என்று தெரியாமல் மனம் தடுமாறிய காலம் அது. அங்கிருந்துதான் மலாக்காவுக்குக் கப்பலேறினார். 1549-ல் ஜப்பான், 1552 டிசம்பர் 3-ந் தேதி சீனக் கரையோரத்து ஷாங்சுவான் தீவில் மரணம். நாற்பத்தாறு வயது. சொந்த வீட்டுக்கு அவர் திரும்பிப் போகவேயில்லை.

இனிமேல்தான் பெயரின் கதை சுவாரஸ்யமாகிறது.

சவேரியார் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1530-களின் நடுவில், முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். அப்போது அவர்களுக்குப் போர்த்துகீசியரின் குடும்பப் பெயர்கள் வந்தன. பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மிராண்டா என்று அவை இன்றைக்கும் அங்கே குடும்பப் பெயர்களாகவே தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குகின்றன. சவேரியாரின் பெயர் மட்டும் வேறு வழியில் போயிற்று. அதுவும் குடும்பப் பெயர்தான். ஆனால் தமிழர்கள் அதைக் குழந்தைக்கு இடும் பெயராக்கிக்கொண்டார்கள். போர்த்துகீசிய மொழியில் "ஷ" என்று ஒலித்தது தமிழில் "ச" ஆயிற்று. "யேர்" என்ற கடைசி ஒலியில் தமிழ்க் காது ஒரு மரியாதை விகுதியைக் கேட்டுக்கொண்டது போலும். சவேரியார் என்று "ஆர்" போட்டு அழைத்தார்கள். பெரியவருக்கு "ஆர்" போட்டாகிவிட்டது. தொட்டில் குழந்தைக்குப் போட முடியுமா? ஆகவே சவரிமுத்து, சவரிராயன், சவரியப்பன், சவரியம்மாள் என்று, நம்முடைய முத்தும் அப்பனும் அம்மாளும் அந்தப் பாஸ்க் வீட்டில் குடியேறிவிட்டார்கள். கோட்டாற்றுச் சவேரியார் கோவில் திருவிழா டிசம்பர் 3-ந் தேதி நிறைவு பெறும்போது அங்கே கூட்டத்தில் நின்று "சவரீ!" என்று ஒருவர் கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஸ்பெயினிலோ பிற்காலத்தில் அந்த "ஷ" ஒலியே "ஹ" போல மாறிவிட்டது. இப்போது அங்கே "ஹவியேர்" என்கிறார்கள். 1982 முதல் 1991 வரையில் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக இருந்த பெரு நாட்டவர் ஹவியேர் பெரஸ் தெ குவேயாரின் முதற் பெயர் இதுவே. மூல உருவம் அதிகம் தேயாமல் "எச்செவெர்ரியா" என்று நிற்பதும் உண்டு. அர்ஜெண்டைனாவின் கவிஞர் எஸ்தெபான் எச்செவெர்ரியா (1805–1851) அந்தக் கிளையைச் சேர்ந்த பெயருடையவர். 1970 முதல் 1976 வரையில் மெக்ஸிகோவின் ஜனாதிபதியாயிருந்த லூயிஸ் எச்செவெர்ரியாவும் அப்படியே. எல்லோரும் அர்த்தத்தில் புது வீட்டுக்காரர்கள்.

இந்தப் பெயர் கொண்டவர்களில் அக்பர் சக்கரவர்த்தியின் சபையில் வீற்றிருந்தவர் ஒருவர் உண்டு. ஜெரோம் சேவியர் என்பவர், சவேரியாரின் உடன்பிறந்தார் வழியில் வந்த பேரப்பிள்ளை முறையினர். பிறந்த குடும்பத்தின் பெயர் எஸ்பெலேட்டா. சேவியர் என்பது அவராக எடுத்துக்கொண்ட பெயர். 1595-ல் லாகூர் போய்ச் சேர்ந்து, பாரசீகம் கற்று, ஏசுநாதரின் சரித்திரத்தை அந்த மொழியில் எழுதி 1602-ல் அக்பரிடம் சமர்ப்பித்தார். பெரிய தாத்தாவுக்கு வாய்க்காத பாஷை ஞானம் பேரனுக்கு வாய்த்தது.

இத்தாலியில் பிறந்த பிரான்செஸ்கா கப்ரீனி என்ற கன்னியாஸ்திரீ (1850–1917), சவேரியாரைப் போலக் கீழ்த்திசைக்குப் போக வேண்டும் என்ற ஆசையால் சேவியர் என்ற பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவரை மேற்கே அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1889-ல் நியூயார்க்கில் இறங்கி, ஏழைக் குடியேறிகளுக்காக அநாதை விடுதிகளையும் ஆஸ்பத்திரிகளையும் கட்டினார். வீடில்லாதவர்களுக்கு வீடு தேடித் தந்தவருக்குப் புது வீடு என்ற பெயர் அமைந்தது யதேச்சையானாலும் அழகானது.

ஆனால் நம் மனத்தை அதிகமாகத் தொட்டவர் பிரேஸில் தேசத்தவர் ஒருவர். ஜோஆகிம் ஜொஸே த ஸில்வா சேவியர் என்பது முழுப் பெயர். சேவியர் என்ற பகுதி அவருக்கும் தாய் வழியே வந்தது. பட்டாளத்தில் சின்ன உத்தியோகம். இடையிடையே பல் பிடுங்கும் வேலை. அதனால் "டிராடென்டெஸ்", அதாவது பல் பிடுங்கி, என்று ஊரார் வைத்த பட்டம் ஒட்டிக்கொண்டது. பிரேஸிலின் தங்கத்தைப் போர்த்துகல் வரியாகச் சுரண்டுவதை எதிர்த்து 1789-ல் அவரும் நண்பர்களும் சுதந்திரத்துக்குச் சதி செய்தார்கள். ஒருவன் காட்டிக்கொடுத்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் உயிர் தப்பினார்கள். 1792-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி ரியோ நகரத்தில் இவர் மட்டும் தூக்கிலிடப்பட்டார். உடலைக் கூறுபோட்டார்கள். அவர் குடியிருந்த வீட்டை இடித்து, அந்த மண்ணில் ஒன்றும் முளைக்காதபடி உப்பைத் தூவ வேண்டும் என்றும், பிள்ளை பேரப்பிள்ளைகளுக்கும் அவப்பெயர் உண்டு என்றும் தீர்ப்பில் எழுதினார்கள். இன்று ஏப்ரல் 21 அந்த நாட்டில் தேசிய விடுமுறை நாள்.

இதைப் படிக்கும் தமிழர்களுக்கு ஏழு வருஷம் கழித்து, 1799-ல், கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் நினைவு வராமல் இராது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801-ல் தரைமட்டமாக்கினார்கள். சவேரியார் மணியாட்டிக்கொண்டு நடந்த தூத்துக்குடிக் கரைக்கு அது வெகு தூரமன்று. அதிகாரத்தில் இருப்பவனுக்கு ஒரு மனிதன்மேல் கோபம் வந்தால் அவன் வீட்டைத்தான் முதலில் இடிக்கிறான். பெயரை இடிக்க அவனிடம் கடப்பாரை இல்லை. பாஸ்க் ஜனங்களுக்கும் இந்த அநுபவம் உண்டு. பிராங்கோவின் சர்வாதிகார காலத்தில் அவர்கள் தங்கள் மொழிப் பெயரைக் குழந்தைக்கு இட்டுப் பதிவு செய்ய நெடுங்காலம் முடியாமல் இருந்தது. 1975-ல் சர்வாதிகாரி போனான். பெயர்கள் திரும்பி வந்தன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழின் முதல் நாவலாகிய "பிரதாப முதலியார் சரித்திரம்" 1879-ல் வெளியாயிற்று என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எழுதியவர் மாயூரம் முன்சீப் ச. வேதநாயகம் பிள்ளை. அந்த "ச." என்ற எழுத்து யாரைக் குறிக்கிறது என்று இத்தனை வருஷமாகப் பாடம் நடத்தியும் நாம் நின்று பார்த்ததில்லை. அவருடைய தகப்பனாரின் பெயர் சவரிமுத்துப் பிள்ளை! நம் பையனின் பெயர், எழுத்துக்கு எழுத்து. சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எழுதி, மயிலாப்பூர்ச் சபைகளில் இன்றும் பாடப்படும் ஒருவரின் தலைப்பெழுத்துக்குள் ஒரு பாஸ்க் வீடு அமர்ந்திருக்கிறது.

திருச்சியிலிருந்து 1907 முதல் "டமிலியன் ஆண்டிக்குவரி" என்ற ஆராய்ச்சி இதழை நடத்தித் தமிழரின் பழமையை ஆங்கிலம் படித்தோருக்கு எடுத்துச் சொன்ன பண்டிதரின் பெயர் சவரிராயர். அவருக்குப் பிறகு அதே காரியத்தை உலகம் முழுவதும் கொண்டுபோனவர் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் 1913-ல் பிறந்த சேவியர், தனிநாயகம் என்ற தமிழ்ப் பெயரைச் சூடிக்கொண்ட பின்பும் சேவியரைக் கைவிடாமல் "சேவியர் எஸ். தனிநாயகம்" என்றே கையெழுத்திட்டவர். தமிழை அவர் ஆழ்ந்து படிக்கத் தொடங்கிய இடம் வடக்கன்குளம்; அங்கே 1940-களில் பள்ளி ஆசிரியராக இருந்தார். நம் பையனின் பாட்டனாருடைய ஊர்ப்பக்கம்!

தனிநாயக அடிகள் 1964-ல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் அமையக் காரணமாயிருந்தார். 1966-ல் கோலாலம்பூரில் முதல் மகாநாடு. 1968-ல் நம் சென்னையில் இரண்டாவது மகாநாடு. ஐரோப்பிய நூலகங்களில் தூசு படிந்து கிடந்த ஆதித் தமிழ் அச்சுப் புத்தகங்களைத் தேடிச் சென்று, அவற்றைப் பற்றி எழுதி ஆராய்ச்சியாளர் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்று 1554-ல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்ட பிரார்த்தனைப் புத்தகம். சவேரியார் இறந்து இரண்டு வருஷத்தில் வந்தது அது. 1679-ம் வருஷத்துத் தமிழ்-போர்த்துகீசிய அகராதியையும் 1966-ல் மறுபடி பதிப்பித்து வெளியிட்டார். தமிழ் தெரியாமல் தமிழ்ப் பிரார்த்தனையை நெட்டுருப் போட்ட ஒரு சேவியருடைய காலத்துத் தமிழை, நானூறு வருஷம் கழித்து இன்னொரு சேவியர் தேடி எடுத்துத் தமிழருக்குக் கொடுத்தார். கடன் வட்டியுடன் அடைந்தது.

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். நமக்கு ஏன் குடும்பப் பெயர் இல்லை?

இருந்தது. பெரும்பாலோருக்கு அது ஜாதிப் பெயராக இருந்தது. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டில் அந்த வாலை அறுக்கத் தீர்மானித்தார்கள். பலர் அங்கேயே அறுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ்நாடு முழுவதும் அந்த வழக்கம் பரவி, ஊருக்கு ஒரு எழுத்து, தகப்பனாருக்கு ஒரு எழுத்து, அதற்குப் பின் தன் பெயர் என்று நின்றுவிட்டது. இக்காலத்தில் தாயின் பெயருக்கும் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள், மிக்க சந்தோஷம். வெளிநாட்டுப் படிவத்தின் கட்டம் காலியாக இருப்பதற்கு இதுதான் காரணம். அந்தக் காலியிடம் நமக்கு அவமானமன்று. அதற்குப் பின்னால் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. படிவத்தில் எதையாவது நிரப்புவது அசௌகரியந்தான். ஆனால் அசௌகரியத்துக்காகப் பெயரை மாற்றிக்கொள்ளுவது செருப்புக்காகக் காலை வெட்டுவது போல.

மேலே சொன்னவர்களை எண்ணிப் பார்க்கும்போது இன்னொன்றும் புலனாகிறது. இவர்களில் பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் இரத்தத்தால் உறவினர் அல்லர். ஒரு வீட்டின் வாரிசுகளும் அல்லர். யாரோ ஒரு தாயோ பாட்டியோ, நம் குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்று எண்ணி வைத்த பெயர் அது. அல்லது, இந்தப் பெயருக்கு ஏற்றபடி நடக்க வேண்டும் என்று தாமே எடுத்துக்கொண்ட பெயர். கோட்டையின் சுவர்களுக்குள் இருந்தவரையில் அந்தப் பெயர் ஒரு குடும்பத்தின் சொத்து. சுவர் இடிந்த பின்புதான் அது கொடையாயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது. கடைசிப் பாட வேளையில் புத்தகத்தை மூடிவிட்டு, இங்கே எழுதியதையெல்லாம் வகுப்புக்குச் சொன்னோம். கோட்டை இடிந்ததை, தோணிகளை, கடிதத்தை, பல் பிடுங்கியை, முன்சீப்பை, எல்லாவற்றையும். பிறகு, நாலு வருஷத்துக்கு முன்பு நாம் செய்த ஹாஸ்யத்தையும் சொன்னோம். "அது பிசகு. அவன் சரியாகச் சொன்னான், நாம் உட்கார வைத்தோம்" என்றோம். உபாத்தியாயர் மன்னிப்புக் கேட்கும்போது வகுப்பில் எப்படி ஒரு நிசப்தம் உண்டாகும் என்பதை, அதைச் செய்து பார்த்தவர்களே அறிவார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் மட்டும், "டிராடென்டெஸ்னு கூப்பிடலாமா, ஸார்?" என்றான். பையனே சிரித்துவிட்டான். பிள்ளைகளைப் பூரணமாகத் திருத்திவிடலாம் என்று நாம் எண்ணவில்லை.

மணி அடித்தது. பட்டியலை அவன் கையில் கொடுத்து, உட்கார்ந்து சரிபார்க்கச் சொன்னோம். பெயரை மாற்றுவதா வேண்டாமா என்று நாம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தன் வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினான். ஆங்கில எழுத்துக்கூட்டில் நாம் "சவு" என்று படிக்கும்படியாக ஓர் எழுத்தை அதிகமாகப் போட்டு வைத்திருந்தோம். நாலு வருஷத்துப் பழக்கம் நம் கையையும் விட்டபாடில்லை. அந்த ஓர் எழுத்தை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டு, பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிப்போனான்.